மோர்ஸ் தேர்வு இன்னும் எதற்கு? கொள்ளிடமும் கஜாவும் எழுப்பும் கேள்வி

2018-ஆம் ஆண்டை திருச்சி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஆகஸ்ட் மாதம் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் நிரம்பி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் கரை தொட்டு ஓடியது. 1928-ல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஸ்ரீரங்கம் என்பது இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு தீவு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்த வாரம்தான் அது நம் கண்ணில் பட்டது. பாலங்கள்தான் அந்தத் தீவுக்கு உயிர்.

ஆனால் அன்று கைபேசிகள் வேலை செய்தன. யார் எங்கே இருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்ள முடிந்தது. மூன்று மாதம் கழித்து, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்த வசதியும் போய்விட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. மின்சாரம் இல்லாமல் கைபேசிக் கோபுரங்கள் ஊமையாயின. முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் வீட்டைப் பிரிந்து வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் ஊருக்குப் போன் போட்டுப் போட்டு, 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் தந்தையர் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாத நிலை.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஓர் ஏற்பாடு உலகம் முழுவதும் நூறு ஆண்டுகளாக இருக்கிறது. ஹாம் ரேடியோ என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலி. அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறியீடு பெற்ற சாதாரண குடிமகன், தன் வீட்டிலிருந்தே அலைபரப்பி இன்னொரு ஊரிலோ இன்னொரு கண்டத்திலோ இருப்பவரோடு பேசலாம். இடையில் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம், கம்பெனி வேண்டாம். ஒரு கார் பேட்டரியும், ஒரு பெட்டியும், மரத்துக்கு மரம் கட்டிய கம்பியும் போதும். வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது என்பது அதன் சட்டம்.

இந்த உரிமத்துக்கான தேர்வில் மோர்ஸ் குறியீடு கட்டாயமாக இருக்க வேண்டுமா என்பதுதான் ஹாம்களிடையே பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம். இது சில பொழுதுபோக்காளர்களின் உள்வீட்டுச் சண்டை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கஜாவுக்குப் பிறகு கடலோர ஊர்களில் வாழும் நமக்கும், இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழும் திருச்சி மக்களுக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் அமெச்சூர் வானொலிக்கான விதிகள் 1978-ல் வந்தவை. முன்பு பல படிநிலைகள் இருந்தன. 2009 திருத்தத்துக்குப் பிறகு இரண்டே வகை: 'ஜெனரல்', 'ரெஸ்ட்ரிக்டட்'. நாம் பொது உரிமம், வரம்புள்ள உரிமம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வை நடத்துகிறது. உரிமக் கட்டணம் இருபது ஆண்டுகளுக்கு 1000 ரூபாய், ஆயுள் முழுவதற்கும் 2000 ரூபாய். இன்றைய கைபேசி விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

வரம்புள்ள உரிமத்துக்கு மோர்ஸ் கிடையாது. வானொலிக் கோட்பாடும் விதிமுறைகளும் மட்டும் எழுதினால் போதும். ஆனால் அதன் ஆற்றல் வரம்பு 50 வாட். அது முக்கியமாகக் குரல் வழித் தொடர்புக்கானது. பொது உரிமத்துக்கு 400 வாட் வரை அனுமதி உண்டு. குறியீடு, தரவு போன்ற மற்ற முறைகளும் அதில்தான் அடங்கும். அதற்கு எழுத்துத் தேர்வோடு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு மேல்நிலை உரிமத்துக்கு 12 சொல் கேட்டார்கள். இப்போது குறைத்திருக்கிறார்கள்.

8 சொல் என்றால் என்ன? ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்பது கணக்கு. நிமிடத்துக்கு நாற்பது எழுத்து, அதாவது ஒன்றரை நொடிக்கு ஓர் எழுத்து. 'டிட்', 'டா' என்ற இரண்டே ஒலிகள். 'டா' என்பது மூன்று 'டிட்' நீளம். கேட்பதற்கு எளிது போலத் தோன்றும். ஆனால் தாளில் புள்ளி, கோடு என்று மனப்பாடம் செய்தவர் இந்த வேகத்தில் தடுமாறிப் போவார். எழுத்தை ஒலியாகவே காது பழக வேண்டும். பொதுவாகச் சில மாதங்கள் தினமும் உட்கார வேண்டியிருக்கும். (நம் மதரஸாக்களில் தஜ்வீது கற்கும் பிள்ளைகளுக்கு, ஒலியின் நீளத்தைக் காதால் அளந்து பழகிய பழக்கம் ஏற்கெனவே உண்டு. இரண்டையும் ஒப்பிடுவது நோக்கமல்ல. ஆனாலும் ஹிஃப்ளு முடித்த ஒரு பிள்ளை மோர்ஸ் கற்க உட்கார்ந்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்றே தோன்றுகிறது.)

இந்த விதியில் உள்ள முரணைக் கவனியுங்கள். கணினியைக் கொண்டு வானொலி வழியே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பும் நவீன முறைகள் இன்று பேரிடர்க் காலத்தில் மிகவும் பயன்படுபவை. நிவாரண முகாமில் உள்ள இருநூறு பேரின் பெயர்ப் பட்டியலைக் குரலில் வாசிப்பதைவிட எழுத்தாக அனுப்புவது விரைவு, பிழையும் குறைவு. ஆனால் அந்த முறைகளைத் தாராளமாகப் பயன்படுத்தும் உரிமம் வேண்டுமென்றால், முதலில் 19-ஆம் நூற்றாண்டுத் தந்திக் குறியீட்டில் தேற வேண்டும். கணினி ஓட்டுவதற்கு மாட்டுவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போல.

மோர்ஸ் ஏன் கட்டாயமாயிற்று?

காரணம் இல்லாமல் யாரும் வைக்கவில்லை. வானொலி பிறந்தபோது அதில் குரலே கிடையாது, குறியீடு மட்டும்தான். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டதும் மோர்ஸில்தான். கப்பல்களின் அபாயச் செய்தி காற்றில் வரும்போது, அதே அலைவரிசைப் பக்கம் விளையாடிக்கொண்டிருக்கும் அமெச்சூர் ஆள் அதைப் புரிந்துகொண்டு விலகி நிற்க வேண்டும், முடிந்தால் கடத்தியும் விட வேண்டும். ஆகவே சர்வதேச ஒப்பந்தத்திலேயே மோர்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நியாயமான விதி.

அந்தக் காரணம் எப்போது போயிற்று என்பதற்குத் தேதியே இருக்கிறது. 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களின் அபாய அறிவிப்பு முறை முழுவதுமாகச் செயற்கைக்கோளுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் மாறிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2003-ல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அந்த ஆண்டே எடுத்துவிட்டன. ஆஸ்திரேலியா 2004-ல், கனடா 2005-ல். நீண்ட வாதப் பிரதிவாதத்துக்குப் பிறகு அமெரிக்கா 2007 பிப்ரவரியில் எல்லா நிலைகளுக்கும் நீக்கியது. நம் நாட்டிலேயே பொதுமக்களுக்கான தந்தி சேவை 2013 ஜூலை 14 இரவோடு மூடப்பட்டது. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பதறிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தத் தந்தியே போன பிறகும், அதன் குறியீட்டுக்கான தேர்வு மட்டும் இந்தியாவில் உயிரோடு இருக்கிறது.

ஜெனிவா முடிவு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஜப்பானின் அனுபவம் இன்னும் பழையது. 1950-களின் கடைசியிலேயே மோர்ஸ் இல்லாத குரல்வழி உரிமம் ஒன்றை அவர்கள் கொண்டுவந்தார்கள். விளைவு, 1995 வாக்கில் 13 லட்சத்துக்கும் அதிகமான அமெச்சூர் நிலையங்கள் அங்கே இருந்தன. நிலநடுக்கமும் சுனாமியும் அடிக்கடி தாக்கும் நாடு அது. அமெரிக்காவில் இன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமதாரர்கள். 130 கோடிக்கும் அதிகமான மக்கள் உள்ள நம் நாட்டிலோ கணக்கு இன்னும் ஆயிரங்களில்தான். இதற்கு மோர்ஸ் மட்டும் காரணமல்ல, அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அதுவும் ஒரு காரணம்.

'வேண்டும்' என்பவர்களின் வாதம்

மூத்த ஹாம்கள் பலர் மோர்ஸை விட மனமில்லாதவர்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று சிரித்துவிட்டுப் போவது நியாயமல்ல. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

குரல் அலைக்கு வேண்டிய அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மோர்ஸுக்கு வேண்டாம். ஆகவே மிகக் குறைந்த ஆற்றலிலும், ஐந்து வாட்டில்கூட, அது நெடுந்தூரம் போகும். இரைச்சலுக்கு நடுவே குரல் புரியாமல் போகும் இடத்தில், 'டிட் டா' ஒலி மட்டும் காதில் விழும். கருவியும் எளிது. பத்துப் பதினைந்து உதிரி பாகங்களில் ஒரு மோர்ஸ் அலைபரப்பியை மாணவனே செய்துவிடலாம். கணினி வேண்டாம், திரை வேண்டாம். மூன்று நாள் மின்சாரம் இல்லாத ஊரில் கணினி எத்தனை மணி நேரம் ஓடும் என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இதற்கும் பதில் வந்துகொண்டிருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஒரு ஹாம். அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட எஃப்டி-8 என்ற முறை, மனிதக் காதுக்கு எட்டாத அளவு மெலிந்த அலையையும் கணினியால் படித்துவிடுகிறது. ஆனால் அதில் பெயரும் இடமும் போன்ற மிகச் சிறிய செய்திதான் போகும், உரையாட முடியாது. ஆக மோர்ஸின் இடத்தை எந்த ஒரு முறையும் முழுதாகப் பிடித்துவிடவில்லை. ஒப்புக்கொள்வோம்.

இரண்டாவது வாதம் ஒழுங்கு பற்றியது. மோர்ஸ் கற்கும் பொறுமை உள்ளவனே அலைவரிசையைப் பொறுப்போடு பயன்படுத்துவான், தேர்வை எளிதாக்கினால் கண்டவர்களும் வந்து காற்றை அசுத்தம் செய்வார்கள் என்கிறார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பொறுப்பைச் சோதிக்க வேண்டுமானால் விதிமுறைத் தேர்வைக் கடுமையாக்கலாம். பேரிடர்ப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாம். காது வேகமாக இருப்பவனெல்லாம் நல்லவன் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. காது கேளாத, கை நடுங்கும் நல்லவன் எத்தனை பேர்!

இந்த இடத்தில் ஜோர்டானின் மறைந்த மன்னர் ஹுசைனை நினைக்காமல் இருக்க முடியாது. ஜேஒய்1 என்ற அழைப்புக் குறியீட்டில் உலகெங்கும் பேசிய ஹாம் அவர். 1983-ல் விண்வெளி ஓடத்தில் இருந்த வீரர் ஓவன் காரியட்டோடு தரையிலிருந்து பேசியவர்களில் அவரும் ஒருவர். 1990-ல் அமெரிக்கா, உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு அதிவேக மோர்ஸ் தேர்விலிருந்து விலக்கு அளித்ததற்குப் பின்னால், அதிபர் புஷ்ஷிடம் மன்னர் ஹுசைன் வைத்த கோரிக்கை இருந்தது என்பது ஹாம்களிடையே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஓமனின் மறைந்த சுல்தான் காபூஸும் ஹாமாக இருந்தவர்தான். மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசனும் ஹாமாக இருந்தவர்.

தந்தியும் பிறையும்

மோர்ஸ் விவாதம் நம் சமூகத்துக்கு முற்றிலும் புதியதல்ல. பிறை விஷயத்தில் நம் முன்னோர்கள் இதே குறியீட்டைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். ஓர் ஊரில் பிறை தெரிந்தது என்று இன்னோர் ஊருக்குத் தந்தி வந்தால், அதை வைத்து நோன்பையோ பெருநாளையோ முடிவு செய்யலாமா? நூறு ஆண்டுகளுக்கு முன் இந்திய உலமாக்களிடமும் அரபுலக உலமாக்களிடமும் இந்தக் கேள்வி வந்தது. டமாஸ்கஸ் அறிஞர் ஜமாலுத்தீன் காஸிமி தந்திச் செய்தியை ஏற்பது பற்றித் தனி நூலே எழுதி 1911-ல் வெளியிட்டார். அவர் ஏற்கலாம் என்ற பக்கம். தயங்கியவர்கள் பலர்.

தயங்கியவர்களின் காரணம், இந்தக் கருவி புதியது என்பது மட்டுமல்ல. தந்தியில் குரல் இல்லை, முகம் இல்லை. செய்தி சொன்னவர் யார், இடையில் குமாஸ்தா மாற்றினாரா, சாட்சி சொல்லத் தகுதியானவரா என்பது தெரியாது. அதாவது அவர்கள் கேட்டது, 'சொல்பவரை எப்படி நம்புவது?' என்ற கேள்வி. கருவியின் பெயரைவிட ஆளின் நம்பகத்தன்மையே முக்கியம் என்பதில் இரு தரப்பும் ஒன்றாகவே இருந்தார்கள்.

ஹாம் உரிமத் தேர்வும் அதைத்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. புயல் அடித்த இரவில், 'இந்தத் தெருவில் மூன்று பேர் சிக்கியிருக்கிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதை நம்பிப் படகு அனுப்ப வேண்டும். சொன்னவர் கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா, கண்டதைச் சொல்கிறாரா? பெயரையும் முகவரியையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா? வதந்தியைக் கடத்தாமல் இருக்கத் தெரிந்தவரா? கஜா நேரத்திலும் 2015 சென்னை வெள்ளத்திலும் வாட்ஸ்அப்பில் பறந்த பழைய படங்களையும் பொய்ச் செய்திகளையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அலைவரிசை ஓர் அமானிதம். அதைச் சுமக்கத் தெரிந்தவரா என்று பார்க்க, 'டிட் டா' வேகம் உதவாது.

2004-ல் நடந்தது

இந்திய ஹாம் வரலாற்றில் அனைவரும் சுட்டிக்காட்டும் சம்பவம் அந்தமானில் நடந்தது. அந்தமான் நிகோபாரில் அமெச்சூர் வானொலிக்குப் பல ஆண்டுகளாக அனுமதி அரிதாகவே கிடைத்தது. ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண் தலைமையில் ஒரு குழு பெரும் முயற்சிக்குப் பிறகு அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் போர்ட் பிளேருக்குப் போனது. உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது.

தொலைபேசி எல்லாம் அறுந்த நிலையில், பொழுதுபோக்குக்காக விரித்த அதே கருவிகள் சில மணி நேரத்தில் தீவுகளுக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இடையே பாலமாக மாறின. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்ன குடும்பம் முகாமில் இருக்கிறது என்று பெயர் பெயராகச் செய்தி கடத்தினார்கள். அந்தச் செய்திகள் பெரும்பாலும் குரலில்தான் போயின. அங்கே நின்றவர்களின் தேர்ச்சி, கேட்டதைக் கேட்டபடி எழுதுவதிலும், பதறாமல் வரிசையாகப் பேசுவதிலும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்ற துறையா என்று தயங்கும் பெற்றோர் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளட்டும். வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சேவை வேறு எத்தனை இருக்கிறது?

நம் தயக்கம் எங்கே இருக்கிறது?

மோர்ஸை எடுத்துவிட்டால் நாளையே நம் பிள்ளைகள் திரண்டு போய்த் தேர்வு எழுதிவிடுவார்களா? மாட்டார்கள். வெளிப்படையாகப் பேசுவோம். முஸ்லிம் வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனாவும் உள்ளே ஒரு வயர்லெஸ் கருவியும் இருந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும், போலீஸ் வந்து நின்றால் என்ன சொல்வது என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

ஆனால் அந்தப் பயத்துக்கு உரிமம்தான் மருந்து. உரிமம் இல்லாமல் அலைபரப்பும் கருவியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.  இணையக் கடைகளில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கும் சீன வாக்கி-டாக்கிகளை, ஊர் நிகழ்ச்சிகளுக்கும் பெருநாள் கூட்ட ஒழுங்குக்கும் விவரம் தெரியாமல் வாங்கிப் பயன்படுத்தும் இளைஞர்கள் உண்டு. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே இளைஞன் தேர்வு எழுதி, அரசே கொடுத்த அழைப்புக் குறியீட்டோடு பேசும்போது அவன் யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை. ஹாம் பேச்சில் ரகசியக் குறியீடு கிடையாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஒவ்வொரு முறையும் தன் குறியீட்டைச் சொல்லித்தான் பேச வேண்டும். மாவட்ட நிர்வாகம் பேரிடர் நேரத்தில் உதவி கேட்டு அழைக்கும் பட்டியலில் அவன் பெயரும் இருக்கும்.

இன்னொரு தடை காத்திருப்பு. தேர்வுக்குச் சென்னை போன்ற, வானொலிக் கண்காணிப்பு நிலையம் உள்ள ஊருக்குப் போக வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல். தேறிய பிறகு சரிபார்ப்பு, கோப்பு, மாதக்கணக்கில் காத்திருப்பு. உண்மையில் மோர்ஸைவிட இந்தக் காத்திருப்புதான் பலரைச் சோர்வடைய வைக்கிறது. அரசு மோர்ஸை மட்டும் எடுத்துவிட்டு இதைத் தொடாமல் விட்டால் பெரிய பலன் இருக்காது. மாவட்டத் தலைநகரங்களில், கல்லூரிகளில் வைத்தே தேர்வு நடத்தினால், ஒன்றரை மாதத்தில் உரிமம் கொடுத்தால், எண்ணிக்கை தானாக ஏறும்.

மோர்ஸை என்ன செய்யலாம் என்றால், கட்டாயத்திலிருந்து எடுத்து விருப்பப் பாடமாக வைக்கலாம். தேறியவர்களின் உரிமத்தில் அதைக் குறிப்பிடலாம். 2007-க்குப் பிறகு அமெரிக்காவில் மோர்ஸ் செத்துவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் இன்றும் மோர்ஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள், இலவசமாகக் கற்றுத்தரும் குழுக்களும் இருக்கின்றன. தேர்வுக்காகக் கற்றவன் மறுநாளே மறந்துவிடுவான், ஆசைப்பட்டுக் கற்றவன் விடமாட்டான். அரபி இலக்கணம் படித்த எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்.

கருவியும் கைக்கு எட்டும் தூரத்தில்

விலை பற்றிய பயமும் குறைந்து வருகிறது. நெடுந்தூரக் கருவிகள் முன்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ஹைதராபாதைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம், எங்கும் கிடைக்கும் சாதாரண உதிரி பாகங்களைக் கொண்டே செய்யும்படி 'பிட்எக்ஸ்' என்ற கருவியை வடிவமைத்து, அதன் வரைபடத்தை உலகுக்கே இலவசமாகக் கொடுத்தார். பிறகு வந்த 'பிட்எக்ஸ்-40', 'மைக்ரோ பிட்எக்ஸ்' பலகைகள் பல நாடுகளுக்குப் போயின. அவற்றின் கம்பிச் சுருள்களைக் கையால் சுற்றியவர்கள் உள்ளூர்ப் பெண்கள் குழு. நம் சமூகத்துப் பெயர் ஒன்று உலக ஹாம்களின் வாயில் மரியாதையோடு வருகிறது, நமக்கோ அது தெரியாது.

கஜா கரையைக் கடந்த அதே நவம்பர் 16 அதிகாலை, அநேகமாக அதே மணி நேரத்தில், கத்தார் நாட்டின் 'எஸ்ஹெயில்-2' செயற்கைக்கோள் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்கும் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று தனிக் கருவி பொருத்தப்பட்டது உலகில் இதுவே முதல் முறை. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் பார்வையில் அடங்கும், நம் தமிழகமும் அதற்குள்தான். 2019 பிப்ரவரி 14 அன்று தோஹாவில் அதை முறைப்படி திறந்துவைத்தார்கள். அதற்கு முன்பே, 2018 டிசம்பர் 3 அன்று, ஜோர்டான் இளைஞர்கள் செய்த சிறிய செயற்கைக்கோள் ஒன்று விண்ணுக்குப் போனது. மன்னர் ஹுசைனின் நினைவாக அதற்கு வைத்த பெயர் 'ஜேஒய்1சாட்'. கத்தார் செயற்கைக்கோளின் வழியே கணினித் தரவும் குரலும் போகின்றன, மோர்ஸும் போகிறது. ஆசைப்பட்டவர்கள் அனுப்புகிறார்கள்.

திருச்சியில் என்ன செய்ய முடியும்? 1939-லேயே அகில இந்திய வானொலி நிலையம் வந்த ஊர் இது. பொன்மலை ரயில்வே பணிமனையின் ஊர், மின்னணுவும் இயந்திரமும் தெரிந்த கைகள் நிறைந்த ஊர். 1951 முதல் நடக்கும் ஜமால் முகமது கல்லூரியில் இயற்பியலும் கணினியும் படிக்கும் மாணவர்களுக்கு வரம்புள்ள உரிமத்தின் பாடத்திட்டம் ஒரு சுமையே அல்ல. அதில் மோர்ஸும் இல்லை. அரசு விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத பகுதி இது. 50 வாட்டில் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு மட்டுமல்ல, முத்துப்பேட்டைக்கும் பேசலாம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இரண்டு பிள்ளைகளை, ஓர் ஆண், ஒரு பெண், தேர்ந்தெடுத்து அனுப்பினால் போதும். உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு வேண்டியவர்கள் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிவாசலில் ஏற்கெனவே ஜெனரேட்டர் இருக்கிறது, மினாராவின் உயரம் இருக்கிறது, மழைக்கு ஒதுங்க வரும் எல்லா மதத்து மக்களுக்கும் இடம் இருக்கிறது. கஜா நேரத்தில் சமைத்துப் போடவும் தார்ப்பாய் கொடுக்கவும் நம் ஜமாஅத்துகளும் அமைப்புகளும் ஓடியதை ஊர் பார்த்தது. அந்த முகாம்களின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு பேட்டரி, உரிமம் பெற்ற ஒரு பிள்ளை இருந்திருந்தால், துபாயில் தூங்காமல் இருந்த மகனுக்கு முதல் நாள் மாலையே தாயின் நலம் தெரிந்திருக்கும்.

விதி மாற்றத்துக்கான கோரிக்கையைத் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதலாம், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கலாம். எழுதும்போது மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்: மோர்ஸை விருப்பப் பாடமாக்குவது, மாவட்டத்திலேயே தேர்வு வைப்பது, உரிமத்துக்குக் காலக்கெடு விதிப்பது. முதலாவதை மட்டும் கேட்டால் அதை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவார்கள்.